மேகத்தில் சுண்ணாம்பு

எங்கள் மலையில் பிடித்த மேகத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடுதலாக இருந்ததற்கு ஒரு பெண்ணின் வெற்றிலைப் பழக்கம்தான் காரணம் என்று ஓர் அறிக்கை சொல்கிறது. வெளிப்படையாக அப்படி எழுதவில்லை. அந்த அளவு நேர்மைகூடக் கிடையாது. "களப் பணியாளரின் கையாளுதல் பிழை" என்று நாசூக்காக எழுதியிருக்கிறார்கள். அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடும்படி என்னையும் கேட்டார்கள். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் சாப்பிட உட்காரும்போது அந்த வரி நினைவுக்கு வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நான் வேதியியல் படித்தவள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மூன்று வருஷம் திட்ட உதவியாளராக இருந்தேன். திட்டம் தொலைவில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்துடையது. அதன் தலைவரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மேகம் மலையில் வந்து அமரும்போது அதன் நுண்துளிகளைப் பிடித்து, அவற்றில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று அளப்பதுதான் வேலை. கடல் உப்பு எவ்வளவு, புகையிலிருந்து வந்த அமிலம் எவ்வளவு, வயலுக்குப் போட்ட உரத்தின் அம்மோனியா எவ்வளவு, மண்ணும் கல்லும் பொடியாகிக் கலந்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடலும் மலையும் இவ்வளவு நெருங்கிக் கிடக்கிற ஊர் எங்கள் ஊர். கடலில் கிளம்பிய காற்று அன்றைக்கே மலையில் மேகமாக வந்து நிற்கும். வழியில் அது எதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தது என்பதைத் தண்ணீர் சொல்லிவிடும். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கோட்டாறில் எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரர் என்னைக் கண்டாலே, "என்ன டீச்சர், இன்னைக்கு மேகம் எத்தன கிலோ கெடச்சு?" என்பார். நான் டீச்சர் இல்லை என்று மூன்று வருஷமும் சொல்லிப் பார்த்தேன். படித்த பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

மேகத்தைப் பிடிப்பது உண்மையில் அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு சட்டம். அதில் மேலிருந்து கீழாக நெருக்கமாக இழுத்துக் கட்டிய தங்கூசி, அதாவது கடற்கரையில் மீன்பிடிக்கப் பயன்படுத்துகிற நைலான் நரம்பு. மேகம் அந்த நரம்புகளின் ஊடே கடந்து போகும்போது துளிகள் மோதி ஒட்டிக்கொள்ளும். ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, நரம்பு வழியாகவே கீழே இறங்கி, ஒரு பிளாஸ்டிக் தூம்பு வழியாகக் குப்பியில் விழும். நல்ல மேகம் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு தம்ளர் தண்ணீர் கிடைக்கும்.

கஷ்டமெல்லாம் சுத்தத்தில்தான். வியர்வை பட்டால் உப்பு ஏறும். மூச்சுப் பட்டால் அம்மோனியா ஏறும். அதனால் மேகம் இறங்குவதற்கு முன்பே, ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுபோன சுத்திகரித்த தண்ணீரால் நரம்புகளைக் கழுவ வேண்டும். கடைசியாகக் கழுவி வடிகிற தண்ணீரைத் தனியாக ஒரு குப்பியில் பிடித்து வைக்க வேண்டும். அதை நாங்கள் வெறுங்குப்பி என்போம். வெறுங்குப்பியில் எதுவும் இல்லை என்று கருவி சொன்னால்தான் அதற்கு அடுத்த குப்பியில் இருப்பது மேகத்துக்குச் சொந்தம்.

நான் நாகர்கோவிலில் பேருந்து ஏறி, அடிவாரத்தில் இறங்கி, தோட்டத்து ஜீப்புக்குக் காத்திருந்து மேலே போய்ச் சேருவதற்குள் மேகம் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். அதனால் மலையிலேயே குடியிருக்கிற ஒருவர் வேண்டியிருந்தது. சட்டத்தை வைத்த இடம் ஒரு கிராம்புத் தோட்டம். தோட்டத்து மேற்பார்வையாளர் தன் மைத்துனனைச் சிபாரிசு செய்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் தடவை மேலே போனபோது அங்கிருந்த சின்னக் கிறிஸ்தவச் சபைக் கோயிலில், ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண், ஆராதனையில் திராட்சரசம் கொடுக்கிற திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். ஒவ்வொன்றாகக் கழுவி, வாய் வைக்கும் விளிம்பில் விரல் படாமல் துணியால் பிடித்துத் தூக்கி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்கு நான் தொண்டை வறளச் சொல்லியும் வராத சுத்தம் அது. இவர்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவர் தோட்டத்தில் கிராம்பு பறிக்கிறவர். நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னைப் பிள்ளே என்றார். சட்டத்தைக் கழுவுவது எப்படி, குப்பியை மாற்றுவது எப்படி என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது நாங்க கோயில்ல செய்யுதது தானே பிள்ளே. விளிம்பத் தொடாண்டாம். அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்.

அங்கே மேகத்தை மஞ்சு என்பார்கள். மஞ்சு இறங்குகிறது என்று தெரிந்தால் அக்கா கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வருவார். வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, அதன் மேல் சுத்திகரித்த தண்ணீர் ஊற்றி, பிறகு கையுறை போட்டுக்கொள்வார். முதல் இரண்டு மாதம்தான் நிறுவனம் கையுறை அனுப்பியது. பிறகு அந்தத் தலைப்பில் நிதி இல்லை என்றார்கள். நான்தான் மருந்துக் கடையில் பவுடர் போடாத கையுறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். கையுறை அனுப்பத் துப்பில்லாதவர்கள்தான் பிறகு கையைப் பற்றிப் பேசினார்கள்.

ஆம், அக்கா வெற்றிலை போடுவார். அதைக் குறிப்பேட்டில் எழுதியவளும் நான்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாதிரியைப் பாதிக்கக்கூடியவை என்று ஒரு பத்தி அதில் உண்டு. ஒளிக்காமல் எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பது எனக்குச் சொல்லித்தந்த பாடம். அதனால் எழுதினேன்: பக்கத்து வீடுகளில் விறகு அடுப்பு உண்டு, கீழே ஜீப் பாதை உண்டு, களப் பணியாளர் வெற்றிலை போடுபவர், கை கழுவிய பிறகே கருவியைத் தொடுகிறார். சார் இந்த மூன்றில் கடைசியை மட்டும் படித்தார். அதிலும் பாதியைத்தான் படித்தார்.

முதல் வருஷ முடிவுகள் வந்தபோதே எனக்கு விசித்திரமாக இருந்தது. மழைத் தண்ணீர் இயல்பாகவே லேசாகப் புளிக்கும், அதாவது அதில் கொஞ்சம் அமிலம் இருக்கும். மேகத் தண்ணீர் பெரும்பாலும் அதைவிடப் புளிக்கும். எங்கள் மேகம் புளிக்க வேண்டிய அளவு புளிக்கவில்லை. என்னவோ ஒன்று அந்தப் புளிப்பை முறித்திருந்தது. பிரித்துப் பார்த்தால் சுண்ணாம்புச் சத்து. மேற்கிலிருந்து காற்று வந்த நாட்களில் குறைவு, கிழக்கும் வடக்கும் கலந்து வீசிய நாட்களில் அதிகம். இரண்டாம் வருஷமும் அப்படியே.

சட்டம் நின்ற இடத்திலிருந்து வானம் தெளிந்த நாளில் கீழே பார்த்தால் ஒரு மலை தெரியும். மலை என்று பழக்கத்தில் சொல்கிறேன், கல்லுக்காக உடைத்தது போக அதில் பாதிதான் மிச்சம். வெள்ளையாகப் பொடி எழும்பிக்கொண்டே இருக்கும். லாரிகள் வரிசையாகப் போகும். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தபோதுதான் குப்பியில் சுண்ணாம்பு ஏறியது. இது கல்லுடைக்கிற பொடிதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். சாலைப் புழுதியாக இருக்கலாம், சிமெண்டாக இருக்கலாம், உழுத மண்ணாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ளத்தானே ஐயா மேகத்தைப் பிடித்தோம்? அதைத் தேடிப் பார்க்கலாம் என்று சாருக்கு எழுதினேன். மறுநாள் அழைத்தார்.

"அந்தம்மா வெத்தலை போடுவாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா?" என்றார்.

"ஆமா சார். கை கழுவிட்டுத்தான் தொடுவாங்கன்னும் எழுதியிருக்கேன்."

"கழுவினேன்னு அவங்க சொல்வாங்க. நீங்க பக்கத்துல நின்னு பார்த்தீங்களா? விரல் இடுக்குல சுண்ணாம்பு இருந்தாப் போதும். நம்ம அளக்கறது எவ்வளவு நுணுக்கமான அளவுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

கையுறை போடுகிறாரே, வெறுங்குப்பிகள் அத்தனையும் சுத்தமாக இருக்கிறதே என்றேன். கழுவும்போது சுத்தமாக இருந்திருக்கும், பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் குப்பியை மாற்றும்போது கை பட்டிருக்கும் என்றார். அப்படியானால் கிழக்குக் காற்று வீசுகிற நாளில் மட்டும் ஏன் கை படுகிறது என்று கேட்டேன். "நேர்ல வரும்போது பேசலாம்" என்று வைத்துவிட்டார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இங்கே ஊர் என்பது காற்றும் லாரியும் கருவியும் நாங்களும் எல்லாம் சேர்ந்தது. இளைத்தது அக்கா ஒருவர்தான்.

அன்று மாலை குறிப்பேடுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஏதாவது ஒரு பிடி கிடைக்காதா என்ற ஆத்திரம். மார்ச் மாதத்துப் பக்கம் ஒன்றில் என் கையெழுத்தில் ஓரமாக ஒரு வரி இருந்தது: வெற்றிலை வாங்கிப் போனேன், அக்கா வாங்கிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. மேலே போகும்போதெல்லாம் கோட்டாறு சந்தையிலிருந்து அக்காவுக்கு ஒரு கட்டு வெற்றிலை வாங்கிப் போவது என் வழக்கம். அந்தத் தடவை நீட்டியபோது அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "லெந்து லா பிள்ளே," என்றார். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தை எங்கள் சபைகளில் லெந்து என்போம். பிரியமான ஏதாவது ஒன்றை அந்த நாற்பது நாளும் விட்டுவிட வேண்டும். அந்தச் சபையில் இன்னொரு பழக்கமும் உண்டு. லெந்து தொடங்குகிற சாம்பல் புதன்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்கள் சங்கத்தில் ஒவ்வொருவராக எழுந்து நின்று எதை விடப்போகிறோம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருத்தி சாயா, ஒருத்தி மீன், ஒருத்தி சீரியல். சீரியலை விட்டவள்தான் பத்து நாளில் தோற்றுப்போவாள் என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். அக்கா வருஷந்தோறும் விடுவது வெற்றிலை.

நாற்பது நாள் அவர் வாயிலும் சுண்ணாம்பு இல்லை, விரலிலும் சுண்ணாம்பு இல்லை. அந்தச் சமயத்தில் மஞ்சு குறைவு. விடியற்காலையில் கொஞ்ச நேரம் இறங்கிக் கலைந்துவிடும். இருந்தாலும் அந்த நாட்களில் ஏழு குப்பிகள் எடுத்திருந்தோம். முடிவுகளைத் தேடி எடுத்தேன். ஏழிலும் சுண்ணாம்புச் சத்து இருந்தது. மழைக்காலக் குப்பிகளைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆய்வுக்கூடத்தில் யோசித்து யோசித்து வடிவமைத்தாலும் இப்படி ஒரு சோதனை அமையாது. அதை ஒரு பெண் ஜெபத்தோடு செய்து முடித்திருந்தார், தான் செய்வது சோதனை என்று தெரியாமலேயே.

சார் வந்தார். கல்லூரியின் கூட்ட அறையில் அவரும், எங்கள் பேராசிரியர்கள் இரண்டு பேரும், நானும். ஏழு குப்பிகளின் முடிவையும் தேதியையும் ஒரே தாளில் எழுதி முன்னால் வைத்தேன். இந்த நாட்களில் களப் பணியாளர் வெற்றிலை போடவில்லை என்றேன். எப்படித் தெரியும் என்றார். லெந்து என்றேன்.

சார் தாளை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "நோன்பெல்லாம் ஒரு பாராமீட்டராம்மா? இதை எந்த ஜர்னல்ல போடுவான்?"

மற்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது சார் சிரித்ததற்கு அல்ல. அவர் வேறு ஊர்க்காரர், வேறு பழக்கம், தெரியாமல் சிரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். சிரித்த மற்ற இருவரில் ஒருவர் லெந்து நாற்பது நாளும் மீன் தொடமாட்டார் என்பது கல்லூரிக்கே தெரியும். கேண்டீன்காரர் அவருக்காகத் தனியாகக் கூட்டு வைப்பார். அவர் நோன்பு இருந்தால் பக்தி, மலையில் ஒருத்தி நோன்பு இருந்தால் கதை.

"சங்கத்துல இருபது பேர் முன்னால சொல்லியிருக்காங்க சார். நீங்க கேட்டுப் பாக்கலாம்," என்றேன்.

"சாட்சி விசாரிக்க நான் என்ன கோர்ட்டாம்மா?" என்றார்.

யாரோ அவருக்குப் பணம் கொடுத்துச் சொல்ல வைத்தார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் கொஞ்ச நாள் அப்படி நினைத்துப் பார்த்தேன், அப்படி இருந்தால் கோபப்படுவது எளிதாக இருக்கும் என்பதால். அப்படி எதுவும் இல்லை. அவர் யாருக்கும் விலைபோகிற ஆள் இல்லை. அந்த வெட்டுண்ட மலையை அவர் ஏறெடுத்துப் பார்த்ததுகூடக் கிடையாது. ஒரு தோட்டத் தொழிலாளியின் கை அழுக்காகத்தான் இருக்கும் என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். லஞ்சத்தையாவது ஒருநாள் பிடித்துவிடலாம். இதை எந்தக் கருவியால் பிடிப்பது?

தேநீர் வந்தது. குடித்தபடியே சார் முடிவுகளைச் சொன்னார். சுண்ணாம்புச் சத்தின் அளவுகள் அறிக்கையிலிருந்து விலக்கப்படும். காரணம், கையாளுதல் பிழை. அந்தம்மாவை நிறுத்திவிட வேண்டும். குறிப்பேடு என் பொறுப்பில் இருந்ததால் என் கையெழுத்தும் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

மறுநாள் காலையிலேயே மலைக்குக் கிளம்பினேன். நான் சொல்வதற்கு முன்னால் வேறு யாராவது போய்ச் சொல்லிவிடக் கூடாது. மேலே போய்ச் சேர்ந்தபோது நல்ல மஞ்சு. சட்டத்துப் பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைக் காட்டி நிறுத்தினார். "அங்கேயே நில்லுங்க பிள்ளே. உங்களுக்க மூச்சு பட்டிரப்பிடாது." நின்றேன். தண்ணீர் நரம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சு விலகும் வரை, அவர் குப்பியை மூடி, நேரத்தை எழுதி, ஐஸ் பெட்டிக்குள் வைக்கும் வரை நான் வாய் திறக்கவில்லை. அந்தக் குப்பியை யாரும் அளக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துக்காகத் தந்த அறிக்கையின் நகல் கையில் இருந்தது. "தமிழ்ல வாசிங்க," என்றார். அந்த வரியை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"எனக்க கைல உள்ள சுண்ணாம்புதான் மஞ்சுக்குள்ள போச்சுன்னு சொல்லுதாவளா?"

"ஆமா அக்கா. லெந்துல நீங்க போடல்லன்னு சொன்னேன். ஒத்துக்கிடல்ல."

"ஒரு நாளு தப்பிப் போச்சு பிள்ளே. இரணியல்ல ஒரு துட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். தாம்பாளத்த நீட்டினாவ, நெனவில்லாம எடுத்து வாயில போட்டுட்டேன். அடுத்த வாரம் சங்கத்துல எழும்பிச் சொல்லவும் செய்தேன். அன்னைக்கு நான் தண்ணி பிடிக்கல்ல. இருந்தாலும் அதையும் எழுதிக்கிடுங்க, பொய் ஆகப்பிடாது."

சாவு வீட்டில் மறந்துபோய் மென்ற ஒரு வெற்றிலையைக்கூடக் கணக்கில் சேர்க்கச் சொல்கிற இந்தப் பெண்ணைத்தான் நுணுக்கம் தெரியாதவர் என்று எழுதியிருந்தார்கள். வெற்றிலை பற்றி முதலில் எழுதியது நான்தான் அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"நீங்க எழுதினது உள்ளதுதானே? நான் போடுவேம்லா. உள்ளத எழுதினா தப்பா?" என்றார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பிறகு அறிக்கையை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. "இதுல எனக்க பேரு எங்க இருக்கு?"

நானும் தேடினேன், இல்லை என்று தெரிந்தும். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார்கள். தோட்ட உரிமையாளருக்கு, கல்லூரி நிர்வாகத்துக்கு, ஜீப் ஓட்டுநருக்குக்கூட. அக்காவுக்கு இல்லை.

"பேரு இல்ல அக்கா."

"மூணு வருசம் தண்ணி பிடிச்சது யாருன்னு கேட்டா ஆளு இல்ல. குத்தம் யாருன்னு கேட்டா மட்டும் ஆளு உண்டா?"

நான் கையெழுத்துப் போடவில்லை. அதை ஒரு தியாகமாகச் சொல்லவரவில்லை. போட்டிருந்தால் மனுஷியாக இருந்திருக்க மாட்டேன், அவ்வளவுதான். வெறுங்குப்பிகள் சுத்தம், லெந்துக் குப்பிகளிலும் சுண்ணாம்பு உண்டு, காற்றின் திசையோடு அது மாறுகிறது, பிழை என்றால் பிழையைக் காட்டுங்கள் என்று நான்கு பக்கக் கடிதம் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்ற தாள் வந்தது. என் பெயரை எடுத்துவிட்டு அறிக்கையை வெளியிட்டார்கள். ஆட்கள் வந்து மலையிலிருந்த சட்டத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். இப்போது நான் ஒரு டியூஷன் சென்டரில் வேதியியல் சொல்லித்தருகிறேன். கடைக்காரருக்கு ஒருவழியாக நான் டீச்சர் ஆகிவிட்டேன்.

அது போகட்டும். அக்காவுக்கு நடந்ததுதான் ஆறவில்லை. சட்டத்தைக் கழற்ற வந்தவர்களிடம் மேற்பார்வையாளர் காரணம் கேட்டிருக்கிறார். அந்தம்மா கை சரியாகக் கழுவாமல் எல்லாத் தண்ணீரும் வீணாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மைத்துனனுக்கு வேலை கிடைக்காத கோபம் அவருக்கு இருந்தது. ஒரே வாரத்தில் பேச்சு தோட்டம் முழுக்கப் பரவி, கோயிலுக்குள்ளும் போனது. பெரிய படிப்புப் படித்தவர்கள் கருவி வைத்துக் கண்டுபிடித்ததாயிற்றே! கொஞ்ச நாளைக்கு வேறு ஆள் கழுவட்டும் என்று திருவிருந்துக் கிண்ணங்களை அக்காவிடமிருந்து வாங்கிவிட்டார்கள். பதினெட்டு வருஷம் அவர் கழுவிய கிண்ணங்கள்.

கேள்விப்பட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமையே போனேன். ஆராதனை முடிந்து பெண்கள் சங்கம் கூடியபோது அனுமதி கேட்டு எழுந்து நின்றேன். வெறுங்குப்பிகளின் முடிவுத் தாளைத் தூக்கிக் காட்டி, மூன்று வருஷம் இந்தக் கை கழுவிய தண்ணீரில் எந்தக் கருவியாலும் ஓர் அழுக்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றேன். என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. பெண்கள் தலையசைத்தார்கள். ஒருத்தி, "எங்களுக்குத் தெரியாதா மக்கா, அவளுக்க சுத்தம்?" என்றாள். ஆனால் போதகர் தயங்கினார். நல்ல மனுஷர்தான். "அவங்க எழுதினது அச்சுல வந்திருக்கு இல்லியா? அது திருந்தி வரட்டும், பிறகு பாப்போம்," என்றார்.

அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த பிறகு நான் சொன்னேன்: இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதப்போகிறேன், உங்கள் பெயரை முழுசாகப் போட்டு எழுதுகிறேன், நாலு பேர் படிக்கட்டும் என்று. அவர் மகிழ்வார் என்று நினைத்தேன்.

"எனக்க பேரப் போடாண்டாம்," என்றார்.

"ஏன் அக்கா?"

"உங்க எழுத்துல என்னைய நல்லவளுன்னு எழுதுவிய. வாசிக்குதவிய பாவம்ன்னு சொல்லுவாவ. எனக்கு அது என்னத்துக்கு? கிண்ணம் திரும்ப வருமா?" கோயில் கதவைப் பார்த்தபடியே நின்றவர் என் பக்கம் திரும்பினார். "எங்க தப்பா எழுதினாவளோ, அங்க எழுதச் சொல்லுங்க."

அந்த வரியைத் திருத்தச் சொல்லி ஒவ்வொரு மாதமும் நிறுவனத்துக்கு எழுதுகிறேன். இன்னும் பதில் வரவில்லை.